கூர் பார்க்கும் வேலை

கையால் அடித்த கத்தி எதுவானாலும் முதல் நாள் நன்றாகத்தான் வெட்டும். முப்பதாம் நாள் எப்படி வெட்டுகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுபதுகளின் கடைசியில் மில் வேலை போனதும், முல்லா வீதிப் பக்கம் காதர் பாயின் கத்திப் பட்டறையில் சேர்ந்தேன். என்னைப்போல வீடு வீடாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்டுப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

வழவழப்பான இடது கை

முதலில் தேங்காய் நார்க் கயிற்றை நூறு தடவை வெட்டுவேன். பிறகு கத்தியை இடது முன்கையில் லேசாக இழுப்பேன். முடியை வழித்தால் கத்தி தேறியது. அந்தக் கையில் முடியே இல்லாமல் போனதுதான் மிச்சம், பாய்க்குத் திருப்தி வரவில்லை. "கயிறு வெட்டவா கத்தி வாங்குறாங்க? நாலு வீட்டுல குடுத்துப் பாரு" என்றார்.

முசே வீட்டு ரொட்டி

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். தெருவே அவரை பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். மனைவி இறந்துவிட்டார், மகன் பிரான்சில். ரொட்டி அறுக்க ஒரு கத்தி கொடுத்தேன்.

மாதாமாதம் போவேன். "மொண்ணை" என்பார். காகிதத்தில் இழுத்தால் சர்ரென்று இறங்கும். காபி கொடுப்பார், மகனின் கடிதத்தைப் படித்துக் காட்டுவார். எப்போதும் அதே கடிதம்தான். நாலாவது மாதம் கேட்டேவிட்டேன்: "நல்லாத்தானே வெட்டுது, முசே?" மேசையில் கிடந்த ரொட்டித் துகளைக் கையால் கூட்டியபடியே சொன்னார்: "நல்லா வெட்டுதுன்னா அடுத்த மாசம் நீ வரமாட்டியே."

பிள்ளைச்சாவடி

அஞ்சலையக்கா பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் மீன் வெட்டி விற்பவர். கட்டுமரத்தில் புருஷன் கொண்டுவரும் மீன்தான் முதல். வஞ்சிரம் துண்டு போட என்று மழைக்கு முன்னால் அவருக்கு ஒரு கத்தி கொடுத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். துணியில் சுற்றிவைத்திருந்ததை எடுத்துவந்து கொடுத்தார். காகிதத்தில் இழுத்துப் பார்த்தேன். பட்டறையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல இருந்தது. "பாருங்கக்கா, கூரு கொஞ்சம்கூட போகல!" என்று கத்தியேவிட்டேன். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐப்பசியில போனவரு வரல தம்பி. அவரு மீன் கொண்டாந்தா வெட்டலாம்னு வச்சிருக்கேன்."

திருப்பிக் கொடுத்தது

"நீயே எடுத்துட்டுப் போ" என்று அக்கா கத்தியை என் கையில் வைத்துவிட்டார். நானும் வாங்கி வந்துவிட்டேன். பாய் உலையை விட்டு எழுந்து வந்தார். "குடுத்த பொருள வாங்கிட்டு வந்தியா? போ, அங்கயே வச்சுட்டு வா."

மறுபடி சைக்கிள் மிதித்துப் போய் வைத்துவிட்டு வந்தேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. பங்குனியில்தான் போனேன். வேறு யாரோ பிடித்த மீனை ஏலத்தில் எடுத்து, வெயிலில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செதில் ஒட்டிய கத்தியை நீட்டினார். "மொண்ணையாயிடுச்சு தம்பி, தீட்டிக் குடு. வீட்டுல மூணு வயிறு இருக்குல்ல."

நோட்டில் அந்தக் கத்திக்கு நேராகத் 'தேறவில்லை' என்றுதான் எழுதினேன். கூர் போனதே என்று நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு கத்திக்குத்தான்.