இடது சக்கரத்து ஆட்டம்

என்ஜின் படுத்தால் வண்டி நின்றுவிடும், ஆள் தானாக ஒர்க்‌ஷாப்புக்கு வருவான். முன்சக்கரமும் ஸ்டீயரிங்கும் பார்க்கிற எங்கள் முன்பக்க வேலையில் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், எங்கள் பிழைப்பின் தலைவலியே அதுதான். ஓடுகிற பொருளை ரிப்பேர் பார்க்கச் சொல்லி யாரிடமாவது மன்றாடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சி. சங்கரன்கோவிலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டயர் மட்டும்

சுடலைமுத்து அண்ணாச்சி பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் பழைய பிக்கப்பில் பூ ஏற்றிக்கொண்டு இங்குள்ள மார்க்கெட்டுக்கு வருபவர். முன்னால் இடது டயர் ஒரு ஓரமாகவே தேய்கிறது, புது டயர் மாட்டு என்று வந்து நின்றார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கடக் கடக் என்றது. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற பால் ஜாயிண்ட் தேய்ந்துபோய், எப்போது வேண்டுமானாலும் கழன்று சக்கரம் படுத்துவிடும் என்ற நிலை. விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாக வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"எம் பக்கம் நல்லாத்தான இருக்கு வே?"

பக்கத்து சீட்

அந்த இடது பக்கத்தில் தினமும் உட்கார்ந்து வருபவர் அவர் மனைவி செல்லத்தாய் அக்கா. மார்க்கெட்டில் பேரம் பேசுவது அக்காதான். அண்ணாச்சி வாயைத் திறந்தால் பூ சும்மா போன மாதிரிதான். டீ குடித்துவிட்டு வந்த அக்காவிடம் சங்கதியைச் சொன்னேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வண்டியின் ஆட்டத்துக்குப் பயந்து, கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை வழி முழுக்க இறுக்கிப் பிடித்ததில் காய்த்துப் போயிருந்தது. அண்ணாச்சி அடுத்த மாசம் பார்ப்போம் என்று இழுத்தார். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நா பஸ்ஸுல வீட்டுக்குப் போறேன் தம்பி. நாளைக்குப் பூவ அவியளே வித்துக்கிடட்டும்."

வலது பக்கத்து நியாயம்

வண்டிச் சாவி உடனே என் கைக்கு வந்தது. பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் எண்ட், அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ் எல்லாம் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றேன். வலது பக்கம் சும்மா கிடக்கட்டும் என்று அடம்பிடித்தார். அந்த வலது ஜாயிண்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். கொழகொழவென்று ஆடியது. ஆட்டி ஆட்டிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவேண்டுமே.

"எடதுக்கு இது பரவால்லைல்லா?"

என் போர்டு

சக்கரங்கள் நேராக ஓட அலைன்மென்ட்டும் பார்த்துச் சாவியைக் கொடுத்தேன். இத்தனை வருஷமும் வண்டி இடது பக்கம் இழுக்கும், இவர் வலது பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டுவார். அந்தப் பழக்கத்தில் வாசல் தாண்டும்போதே ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். வண்டிதான் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறதே, அப்படியே வலது பக்கம் திரும்பிப் போய் என் கடை போர்டைச் சாய்த்துவிட்டது. இறங்கி வந்தவர் போர்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தார்.

"நல்லா ஓடுன வண்டியக் கெடுத்துட்டீரே வே. திருப்புனா திரும்புது."

மறுநாள் புகார்

மறுநாள் காலையில் போர்டை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பிக்கப் வந்து நின்றது. அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். எனக்குத் திக்கென்றது. எட்டிப் பார்த்தால், இடது சீட்டில் செல்லத்தாய் அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேலே கைப்பிடி சும்மா தொங்கியது. காய்த்த கை மடியில் கிடந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி என்னைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"என்னத்த வே மாட்டி வச்சீரு? ஊருல ஏறுனவ இன்னும் முழிக்கல. வழியெல்லாம் என்னைய ஏசுததுக்கு ஒரு ஆளு இல்ல."

எங்கள் தொழிலில் பாராட்டு என்று தனியாக எதுவும் வருவதில்லை, வேலை சரியாக அமைந்துவிட்டால் புகார் மட்டும் மாறும்.