செவிச் சோதனைக்கு எழுதிய தாள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, மாலை நான்கு பத்து. ஓசூரில் எங்கள் வீட்டுக் கைப்பேசியில் பாகலூர் நாகராஜ் அண்ணா அழைத்தார். வண்டி ஹாரன் செய்யும் ஆலையில் அப்பாவோடு ஒரே லைனில் இருந்தவர்.

"பாப்பா, காது டெஸ்டுக்கு அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தியே, இருக்குதா? வர்ற வாரம் எனக்கு மெடிக்கல். இப்பவும் அதே நர்ஸம்மாதான், அதே வரிசைதான்."

"அப்பாவுக்கு இப்ப ஒண்ணுமே கேக்கறதில்லீங்கண்ணா."

"தெரியும் பாப்பா. ஆனா மூணு வருஷம் ஓட்டிட்டாருல்ல?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட ஒன்றுமில்லை, அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

ஒரு ஹாரன் எவ்வளவு உரக்க ஒலிக்கலாம் என்பதற்கு நாட்டில் தரநிலை உண்டு. குறித்த தூரத்தில் நின்று அளந்தால், இந்த அளவுக்குக் குறையவும் கூடாது, அந்த அளவைத் தாண்டவும் கூடாது. அதை மீட்டர் காட்டிவிடும். ஒலியில் கரகரப்பு இருக்கிறதா என்று சொல்லத்தான் அப்பாவின் காது தேவைப்பட்டது. காதடைப்பான்கள் கொடுத்திருந்தார்கள். போட்டுக்கொண்டால் கரகரப்பு கேட்காது என்பதால், அவை அவருடைய சட்டைப்பையிலேயே வீடு வந்துசேரும். ஆரஞ்சு நிறம், பஞ்சுபோன்ற மென்மை. விரலால் நசுக்கிவிட்டு, மெல்ல உப்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் விளையாடத்தான் ஆலை அவற்றைத் தருகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்நாள்களில் அவரோடு பேருந்து நிலையம் போவதே ஒரு வேடிக்கை. பின்னால் ஹாரன் ஒலித்தால் திரும்பிப் பார்க்காமலே, "இது நம்ம லைன்ல போனது. அது வேற கம்பெனி, சளி புடிச்சிருக்குது" என்பார்.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவருக்கு வலக்காது மந்தமாகிவிட்டது. ஆண்டுச் சோதனையில் தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மதியத்துக்குள் எல்லாரையும் முடித்தாக வேண்டிய நர்ஸ், ஹெட்ஃபோன் வழியே எல்லாருக்கும் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் ஒலிகளைத் தருவார். கேட்டவுடன் விரலைத் தூக்க வேண்டும். இன்னும் காது கேட்டவர்கள் அந்த வரிசையை ஆளுக்குக் கொஞ்சம் நினைவு வைத்துச் சொன்னார்கள். எதற்குப் பின் எத்தனை எண்ணி விரலைத் தூக்குவது என்று நான் ஒழுங்குபடுத்தினேன். யாப்பு படிக்கும் முன்பே நான் சீர் பிரித்தது ஒரு ஹாரன் ஆலைக்காக. அப்பா குளிக்கும்போது வாளியில் தட்டித் தட்டி அதை மனப்பாடம் செய்தார். மூன்று ஆண்டும் 'செவித்திறன் இயல்பு' என்றே சான்று வந்தது. நான் பெருமைப்பட்டேன், அதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. என் கல்லூரிச் சேர்க்கையும் அந்த மூன்று ஆண்டுக்குள்தான் நடந்தது.

நான்காம் ஆண்டு, மைக் பொருத்திய கண்ணாடிக் கூண்டு வந்தது. கரகரப்பையும் அதுவே கண்டுபிடித்தது. நாகராஜ் அண்ணாவைத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கு மாற்றினார்கள், அப்பாவை அனுப்பிவிட்டார்கள். வேலையில்தான் காது போனது என்று எங்கும் சொல்ல முடியவில்லை. இல்லையென்று மறுக்கும் சான்றுகள் மூன்று எங்கள் வீட்டிலேயே இருந்தன. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாததால், வெளியில் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். கேலியும் அதோடு போயிற்று.

அழைப்பு வந்த மறுநாள் காலை தாளை அப்பாவின் முன் வைத்து, 'நாகராஜ் அண்ணா கேட்கிறார், கொடுக்கலாமா?' என்று ஓரத்தில் எழுதினேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"இடது காதுல ரெண்டாவது சத்தத்துக்கு அஞ்சு எண்ணணும். நீ நாலு போட்டிருக்கற," என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "மொத வருஷம் அந்தக் காது கேட்டுச்சே, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். உங்கிட்ட சொல்லல. திருத்திக் குடு. அவன் பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்குது."

நான்கை அடித்து ஐந்து என்று எழுதினேன். பாகலூர்ப் பேருந்தைப் பிடித்துப் போய், நாகராஜ் அண்ணாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.