யோஷி என்றால் யோசி இல்லை

தேவா மாமா, உன் பெயரில் தொடங்கினால்தான் எழுதுவேன் என்று கவிதா அக்காவிடம் சொல்லியிருந்தேன். தொடங்கிவிட்டேன். இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

தேவா மாமா என்கிற தேவேந்திரன் என் கவிதா அக்காவின் புருஷன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஜப்பான் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். கார் கதவுக்கு உள்ளே போகும் தகடுகளை அடிக்கிற பெரிய பிரஸ். என்னை அங்கே கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் அந்தப் பிரஸ்ஸிலேயே மாமா செத்துப்போனார். கவனமில்லாமல் செத்தார் என்று கம்பெனி சொன்னது. அது பொய். சிப்காட்டுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பசங்க இதைப் படித்தால் நல்லது.

முதல் நாள்

சேர்ந்த அன்று காலையில் சூப்பர்வைசர் பாஸ்கர் சார் என்னை ஒரு மிஷின் முன்னால் நிறுத்தினார். ஒவ்வொரு சாமானாக விரல் நீட்டிக் காட்டி ஏதோ கத்தினார். எனக்கு அது "யோசி" என்று கேட்டது. ஆயிலைக் காட்டி யோசி, ஏர் பிரஷரைக் காட்டி யோசி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இப்ப நீ" என்றார். நான் ஆயிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாடா நிக்கிற?"

"யோசிச்சிக்கினு கீறேன் சார்."

லைன் மொத்தமும் சிரித்தது. தேவா மாமா வந்து என் தோளில் கை போட்டார்.

"மச்சான், யோசி இல்லடா, யோஷி. எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தம். ஜப்பான்காரன் பாஷ. யோசிக்கிறதுக்கு மேல ஆபீஸ்ல ஆளு கீறாங்க. நமக்கு கத்தறதுதான் வேல."

அதிலிருந்து அவர் என்னை லைனில் "யோசி" என்றே கூப்பிட்டார். அவர் எல்லோரையும் அப்படித்தான் ஓட்டுவார். ஜப்பான்காரர்கள் மரியாதைக்குப் பெயரோடு ஒரு "சான்" சேர்ப்பார்கள். யாராவது "தேவா சான்" என்றால், "எத்தன சாண் வேணும், அளந்து குடுக்கட்டா?" என்று கையை விரிப்பார். அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் சிரிப்பார்கள்.

இந்த யோஷி நல்ல பழக்கம்தான். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கூட சிக்னலை விரல் நீட்டிக் காட்டிச் சொல்வாராம். கண் பார்க்க வேண்டும், விரல் காட்ட வேண்டும், வாய் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றாகப் போனால் தப்பு நடக்காது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நம்பினேன். வீட்டில் கேஸ் அணைத்துவிட்டுக்கூட யோஷி சொல்வேன். அக்கா தலையில் அடித்துக்கொள்ளும்.

பச்சை விளக்கு

பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கம்பம் மாதிரி ஒரு சென்சார் இருக்கும். கையோ தலையோ உள்ளே போனால் மிஷின் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் அது.

எங்கள் லைனில் சென்சார் கெட்டுப்போய்விட்டது. ஆயில் புகை வந்தாலே மிஷின் நிற்கும். ரீசெட் பண்ணிப் பண்ணி புரொடக்‌ஷன் விழுந்தது. ஆர்டர் நெருக்கடி. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மிஷின் நிற்கவே இல்லை. பைபாஸ் பண்ணிவிட்டார்கள். சென்சாரில் பச்சை விளக்கு எரியும், ஆனால் கையை விட்டாலும் மிஷின் நிற்காது.

மாமா உடனே கேட்டார். "சார், இத சரி பண்ணிக் குடுங்க சார். தகடு சிக்குனா உள்ள சாய வேண்டிக் கீது."

"மேல சொல்லிட்டேன் தேவா. ஜப்பான்லேர்ந்து புதுசு வரணுமாம். அதுவரிக்கும் ஜாக்கிரதையா ஓட்டு. நீ சீனியர். உனக்கு நான் சொல்லணுமா?"

ஆனால் காலையில் யோஷி மட்டும் நிற்கவில்லை. பைபாஸ் பண்ணின பிறகு முதல் தடவை மாமா சென்சார் பக்கம் விரல் நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் நின்றார். பாஸ்கர் சார் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார்.

"சொல்லுப்பா. ஆடிட்காரங்க நின்னுக்கினு கீறாங்க. பேஜாரு பண்ணாத."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "லைட்டு எரியுதுல்ல மச்சான். லைட்டு யோஷி." ஆடிட்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் டீ குடிக்கும்போது அதைச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் சிரிப்பதும் நின்றுபோனது. தினமும் எல்லோரும் அந்த விளக்கைக் காட்டினோம், எல்லோரும் கத்தினோம். புது சென்சார் வரவில்லை.

மாமா செத்த அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். நான் பக்கத்து மிஷினில் இருந்தேன். மாமா வழக்கம் போல எல்லாவற்றையும் காட்டி, சென்சாரையும் காட்டி, சத்தமாக யோஷி சொன்னார். என் காதால் கேட்டேன். நாஷ்டாவுக்கு முன்னால் ஒரு தகடு டையில், அதாவது அதை அடிக்கிற அச்சில், சிக்கியது. எடுக்க உள்ளே சாய்ந்தார். மிஷின் நிற்கவில்லை.

அதற்கு மேல் எழுத மாட்டேன்.

காரியம்கூட முடியவில்லை, அதற்குள் கேன்டீனில் சேஃப்டி மீட்டிங் போட்டார்கள். பாஸ்கர் சார் பேசினார். முகம் வெளுத்திருந்தது. "தேவா அன்னிக்கு யோஷி பண்ணல. கவனம் வேற எங்கயோ இருந்திருக்கு. இனிமே எல்லாரும் ஒழுங்கா யோஷி பண்ணணும்" என்றார். "பண்ணாரு சார்" என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மீட்டிங் முடிந்ததும் எல்லோரையும் எழுந்து நின்று விரல் நீட்டி, "ஜீரோ ஆக்சிடென்ட், யோஷி" என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னோம்.

குனிந்தவர்

கம்பெனியின் ஜப்பான் டைரக்டர் புதுவாயலில் அக்கா வீட்டுக்கு வந்தார். கூட மொழிபெயர்க்கும் சுரேஷ் சார், பாஸ்கர் சார். டைரக்டர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். மாமா படத்துக்கு முன்னால் கும்பிட்டார். பிறகு அக்கா முன்னால் வந்து இடுப்பிலிருந்து குனிந்தார். முதுகு பலகை மாதிரி நின்றது. நிமிரவே இல்லை.

தெருவே எட்டிப் பார்த்தது. "எவ்ளோ பெரிய ஆளு, எப்டி குனியறாரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது. எங்கள் கம்பெனி முதலாளி என் அக்கா முன்னால் குனிகிறார் என்று. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அக்கா அழவில்லை. சுரேஷ் சாரைப் பார்த்துக் கேட்டது. "சார், எங்க ஊட்டுக்காரு மேல தப்பா? அத மட்டும் கேட்டு சொல்லுங்க."

சுரேஷ் சார் ஜப்பான் பாஷையில் கேட்டார். டைரக்டர் நிறைய நேரம் பேசினார். "உங்களுக்கு இவ்வளவு கவலையும் சிரமமும் ஏற்பட்டதுக்கு மனசார வருந்தறாராம்மா."

"நான் அத கேக்கல சார். தப்பு யார்துன்னு கேட்டேன்."

டைரக்டர் மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை இன்னும் கீழே.

"குனிஞ்சது போதும், நிமிரச் சொல்லுங்க. என் மூஞ்சப் பாத்து சொல்லச் சொல்லுங்க."

சுரேஷ் சார் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பியது. "குமாரு, நீ சொல்லு. பக்கத்து மிஷின்லதான நின்ன. அவரு ஒழுங்கா பண்ணாரா, இல்லியா?"

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. சும்மா பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன்.

அக்கா டைரக்டரையும் என்னையும் பார்த்தது. "ரெண்டு பேரும் ஒரே மாரி குனியறீங்க" என்றது. உள்ளே போய்விட்டது.

செல்போனில் பார்த்த ஜப்பான்

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் செல்போனில் ஜப்பான்காரர்கள் குனிகிற வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். நிறைய இருக்கிறது. நீளமான மேசைக்குப் பின்னால் கோட் போட்ட பெரியவர்கள் வரிசையாக நிற்பார்கள். எல்லோரும் ஒன்றாகக் குனிவார்கள். கேமரா மழை மாதிரி அடிக்கும். ஏன் என்று கீழே போட்டிருக்கும். செய்யாத டெஸ்ட்டைச் செய்ததாகச் சொன்னார்களாம். சரியில்லாததைச் சரி என்றார்களாம். நாங்கள் பச்சை விளக்கைக் காட்டிக் கத்தினதும் அதேதானே. அவர்கள் கோட் போட்டுக்கொண்டு செய்ததை நாங்கள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு செய்தோம்.

மந்திரிகளும் அப்படித்தான் குனிகிறார்கள். வருத்தம் தெரிவிக்கிறார்கள், பதவியை விட்டுவிடுகிறார்கள், பிறகு திரும்பி வந்துவிடுகிறார்கள். எனக்கு ஜப்பான் அரசியல் தெரியாது. ஓட்டுப் போடுகிற அந்த ஊர் ஜனங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் தெரியாது. ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான். குனிவது பதில் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய மரியாதை. அங்கே அதுவே பதிலாகிவிட்டது. குனிந்து எழுந்தால் கேள்வி முடிந்தது. நம் ஊரை நான் உசத்தியாகச் சொல்லவில்லை. நம் ஆட்கள் காலிலேயே விழுவார்கள். ஆனால் பதவிக்காக விழுவார்கள். செத்தவன் வீட்டில் வந்து விழுந்து நான் பார்த்ததில்லை.

சுரேஷ் சார் திருநின்றவூர்க்காரர். ஒரு நாள் புதுவாயல் கூட்டு ரோடு டீக்கடையில் என்னைப் பார்த்து நின்றார்.

"தம்பி, அன்னிக்கு அவர் பேசினதுல 'எங்க தப்பு'ங்கிற வார்த்தையே இல்ல. கவலை, சிரமம், வருத்தம். அவ்வளவுதான். பாத்துப் பாத்துதான் பேசினார்."

"அத அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னத சொல்றதுதான் என் வேலை. அவங்க சொல்லாதத நான் எப்படி சொல்றது?" டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "கார்ல போறப்போ அவரும் அழுதாரு தம்பி. ஹெட் ஆபீஸ்ல கேக்காம ஒரு வார்த்த கூட சொல்ல முடியாதுன்னாரு."

டைரக்டர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பாஸ்கர் சாரும் கெட்டவர் இல்லை. மேல சொல்லிட்டேன் என்றார் பாஸ்கர் சார். அந்த மேல இருப்பவருக்கும் ஒரு மேல இருக்கிறது. அது கடல் தாண்டிப் போகிறது. தப்பு மட்டும் மேலே போகாமல் கீழேயே நின்று, கடைசியில் வாய் திறக்க முடியாத ஆள் தலையில் உட்கார்ந்தது.

நான் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தது. மாமாவின் யூனிஃபார்மும் அதில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"மாமா யோஷி பண்ணாருக்கா. என் காதால கேட்டேன். சென்சார் வேல செய்யல. பைபாஸ்ல கீதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சே தெனமும் சரியா கீதுன்னு கத்தனோம்."

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. "இத அந்த ஆளு எதிர்ல சொல்லியிருக்கணும் நீ."

"பயந்துட்டேன்க்கா."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது. நான் கேட்டேன்ல." ஒரு சட்டையை எடுத்து உதறியது. "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவரு ஒழுங்கா வேல செய்றவருன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போயி சொல்லு."

அக்காவே கூட்டிக்கொண்டு போனது. திருவள்ளூரில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ். அந்த அதிகாரி கேட்டதற்கு மேலேயே சொன்னேன். மாமா சொன்ன பொய்யையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். சொல்லும்போது அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடிட்காரர்கள் முன்னால் புருஷன் "லைட்டு யோஷி" என்று சொன்னது அதற்குப் புதுசு.

"இப்ப சென்சார் வேலை செய்யுதுப்பா. நாங்க போய் பாத்தப்போ நல்லாத்தான் இருந்தது" என்றார் அதிகாரி.

"அவரு செத்த பொறவு மாத்திட்டாங்க சார்."

"அப்ப உன் வாய்வார்த்தைதான் இருக்கு. கூட வேலை செஞ்சவங்க யாராவது வந்து சொல்வாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன் சார்" என்றேன். மறுநாள் என் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. பாஸ்கர் சார் போன் பண்ணினார். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் ரெண்டு பசங்க கீது குமாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சாட்சி சொல்ல வரச்சொல்லி லைனில் இருந்த ஒருவனுக்கு நான் போன் பண்ணினேன். எடுத்தான், நான் கேட்டதும் கட் பண்ணிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா வீட்டில் நான் நின்ற இடத்தில் அவன் நிற்கிறான்.

விசாரணை முடியவில்லை. மாமாவின் பேரில் கவனக்குறைவு என்றுதான் இன்னும் எழுதியிருக்கிறது. அந்த வார்த்தையை அழிக்க என் ஒருவன் வாய் போதவில்லை.

வேலைக்கு வருகிற பசங்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சரியில்லாததைச் சரி என்று முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். அப்புறம் வாய் தானாகவே சொல்லிவிடும். அந்த முதல் தடவையிலேயே நில்லுங்கள். தனியாக நிற்க முடியாது, பக்கத்து மிஷின்காரனையும் கூட நிற்கச் சொல்லுங்கள். மாமா ஒரு நாள் காலையில் வாயைத் திறக்காமல் நின்றார். நானும் அவரோடு நின்றிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

கோயிலுக்கோ மசூதிக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்கள் எல்லோரும் தேவேந்திரனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். கவனமில்லாமல் போன பாவம் என்று வேண்டாதீர்கள். தன் வேலை தெரிந்த மனுஷன் என்று சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.