புதினாக் கட்டும் வாழைநாரும்

கடலூரிலிருந்து கிளம்பி ஊர் ஊராகக் காய்கறித் தோட்டங்களைச் சோதிப்பது என் வேலை. பாசனத் தண்ணீர், எரு, மருந்தடித்த நாள், பறிப்பவர்களின் கை என்று எல்லாவற்றையும் பார்ப்பேன். கண்ட இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிற உத்தியோகம் என்பாள் என் மனைவி. ஆலைகள் சூழ்ந்த குடிகாடு கிராமத்தில் ரசாயன வாடைக்கு நடுவே வளர்ந்தவன் நான். கெட்டது எதுவானாலும் என் மூக்குக்குத் தப்பாது என்று ஒரு மிதப்பு இருந்தது.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் தோட்டம் ஒன்று அந்த மிதப்பை இறக்கிவிட்டது. அங்கே புதினா போட்டிருந்த அக்கா, சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதிக்குத் தினமும் கட்டுக்கட்டாக அனுப்பிவந்தார். விடுதியில் அதைப் பச்சையாகவே சட்னி அரைப்பார்கள். ஒருநாள் சோதித்த கட்டில் சாணத்துக் கிருமி இருந்தது. மறுசோதனையிலும் இருந்தால் விடுதி வாங்குவதை நிறுத்திவிடும். அக்காவின் குடும்பம் அந்த வருமானத்தில்தான் ஓடியது.

போய்ப் பார்த்தேன். போர் தண்ணீர் சுத்தம். எரு நன்றாக மக்கியிருந்தது. பறித்த புதினாவைத் தொட்டியில் நன்றாக அலசினார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"எங்க வூட்லயும் இதத்தான் சார் அரைக்கிறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல," என்றார் அக்கா. "நாங்க திங்காதத ஊருக்குக் குடுத்ததே கெடையாது."

எல்லோரும் சொல்கிற பேச்சுதான். ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. வீட்டுக்கு எடுத்துவைத்ததில் ஒரு பிடியும், விடுதிக்குப் போகும் கட்டு ஒன்றும் வாங்கிச் சோதனைக்குக் கொடுத்தேன். வீட்டுப் புதினா சுத்தமாக இருந்தது. கட்டில் அதே கிருமி. ஒரே பாத்தி, ஒரே தொட்டி, எப்படி இரண்டானது? இரண்டு நாள் சாப்பாட்டில் மனம் போகவில்லை.

மறுபடியும் போய், விடிந்ததிலிருந்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பறித்தார்கள், அலசினார்கள். அக்கா ஒரு பிடியை எடுத்து வீட்டுக்கென்று அப்படியே பையில் போட்டார். மிச்சத்தைக் கட்டத் தொடங்கினார், வாழைநாரால். நாரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நார எதுலக்கா நனைச்சீங்க?"

அவர் கணவர்தான் பதில் சொன்னார். "காஞ்ச நாரு அறுந்துபூடும் சார். ராத்திரியே குட்டையில போட்டுட்டா பதமா இருக்கும்." கை காட்டிய பக்கம் பார்த்தேன். குட்டையில் இரண்டு எருமைகள் சுகமாகப் படுத்திருந்தன.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. விளக்கிச் சொன்னேன். ஒரு வாளி போர் தண்ணீரில் நனைத்தால் தீர்ந்தது என்றேன். அக்காவின் முகத்தில் சிரிப்பே இல்லை. கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க திங்கிறது ஒண்ணு, புள்ளைங்களுக்குக் குடுத்தது ஒண்ணா சார்?"

சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

நார் வாளிக்கு மாறியது. மறுசோதனையில் கட்டு சுத்தமாக வந்தது, விடுதியும் தொடர்ந்து வாங்குகிறது. போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அக்கா விடுதிக்கான கட்டுகளை எல்லாம் கூடையில் அடுக்கி முடித்துவிட்டு, அதே கூடையிலிருந்து கை போன போக்கில் ஒரு கட்டை எடுத்து வீட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.