மாப்பிள்ளை வாங்கிய கப்புகள்

என் தங்கை புருஷனைப் பற்றி எழுதுகிறேன். மாப்பிள்ளை என்பதால் ‘அவர்’ போட்டு எழுத வேண்டியிருக்கிறது. தங்கையும் இதைப் படிப்பாள். படிக்கட்டும், அவளுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை.

அவர் ஒரு மெத்தை ஷோரூமில் விற்பனைக்கு நிற்கிறார். உள்ளே வருகிறவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் படுக்க வைப்பார். படுத்தவரிடம் முதுகெலும்பைப் பற்றிப் பேசுவார். முதுகெலும்பு பற்றி அவருக்குத் தெரிந்தது, அது முதுகில் இருக்கிறது என்பது வரைதான். ஆனாலும் எழுந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் மெத்தையோடுதான் போவார்கள். நீல ஃபோம் வைத்த மெத்தைதான் அந்தக் கடையிலேயே விலை கூடியது. அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, “பாத்தீங்களா, உங்க பேரன் காலத்துக்கும் இப்படியே எந்திரிக்கும்” என்பார். பேரன் காலத்தில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

மாப்பிள்ளையின் பெருமை மெத்தையோடு நிற்கவில்லை. மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அறிவியல் கண்காட்சி நடக்கும். மேஜை, நாற்காலி, விரிப்பு, விளக்கு எல்லாம் என் வாடகைக் கடையிலிருந்துதான் போகும். மேஜைக்கு அடியில் ஒயர் இழுக்கிறவன் என்பதால் எனக்குக் கண்காட்சி கீழிருந்து தெரியும். கீழிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அப்பன்மார்களின் ஷூ.

அன்று காலையில் வாசலில் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் எரிமலையைத் தூக்கி வருவார். ஒருவர் அணைக்கட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ‘வழி விடுங்க, வழி விடுங்க’ என்று வருவார். பிள்ளைகள் பின்னால் அப்பாவின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரு தடவை ஒரு பையனிடம், உன் எரிமலைக்குள் என்ன இருக்கிறது தம்பி என்று கேட்டேன். அப்பா பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு என்றான்.

அந்த அப்பன்மார் கூட்டத்துக்கு எங்கள் மாப்பிள்ளைதான் தலைவர். ஒரு வருஷம் சோலார் நகரம், அடுத்த வருஷம் காற்றாலை, அதற்கடுத்து தண்ணீர் அழுத்தத்தில் தூக்கும் கிரேன். ஷோரூம் அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் அவருக்குச் சும்மா கிடைக்கும். மூன்று வருஷமும் கப்பு அவருக்குத்தான். மைக்கில் கூப்பிட்டது என்னவோ மகள் பெயரைத்தான். முதலில் எழுந்தது இவர். மற்ற அப்பன்மார் இவருக்குக் ‘கப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது இவருக்குத் தெரியும், அதில் ஒரு சந்தோஷமும் உண்டு.

சின்ன வயதில் அவர் செய்த மாடலை எல்லோரும் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம், அந்த ஏக்கமாம். தங்கை சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதருக்குக் கைதட்டல் பிடிக்கும், உழைப்பு பிடிக்காது. இதற்குப் போய் ஒரு சோகக் கதை எதற்கு?

கப்புகள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கண்ணுக்கு நேராக இருக்கும். அதற்குக் கீழே இழுப்பறையில் மகளுடைய மார்க் அட்டை. அறிவியலில் சிவப்பு மை. சோலார் நகரத்துக்குக் கப்பு வாங்கிய வருஷம் அந்தப் பெண், நிலா தன் சொந்த வெளிச்சத்தில் ஒளிர்கிறது என்று பரீட்சையில் எழுதியிருந்தாள். அவளை நாங்கள் ‘பொடி’ என்போம். பொடி மேல் குற்றமில்லை. பசை டப்பாவைக் கூட அவள் தொடக் கூடாது, கை ஒட்டிக்கொள்ளும், மாடல் கெட்டுவிடும் என்று தள்ளி உட்கார வைத்திருந்தார்.

இந்த வருஷம் அறிவியலுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். வந்ததும் தங்கையைக் கூப்பிட்டனுப்பி நேராகச் சொல்லிவிட்டார். கண்காட்சி மார்க்கை இனி அறிவியல் பாடத்தோடு சேர்ப்பார்கள். மாடலின் அழகுக்கு மார்க் இல்லை. பிள்ளை ஒரு கேள்வி எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், நடந்ததை வாக்கியமாக எழுத வேண்டும், கேட்டால் வாய் திறந்து சொல்ல வேண்டும். அளக்காத எண்ணை எழுதினால் சுழியம். பொடி இதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கடைக்கு வந்தாள். மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்தத் தடவை மாடலைச் சுழல வைக்கலாமா என்று யோசித்தாராம்.

பொடி தானாகவே கேள்வி எடுத்தாள். எந்த ஃபோம் பாரத்தைத் தாங்கிவிட்டுத் திரும்ப எழும்பும்? ஷோரூமில் வெட்டிப் போடும் மஞ்சள், வெள்ளை, நீலத் துண்டுகளைக் கேட்டு வாங்கினாள். மகள் தன் தொழிலில் இறங்கிவிட்டாள் என்று மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் வைத்தால் அப்பா கை வைப்பார் என்று, துண்டுகளையும் செங்கல்லையும் தூக்கிக்கொண்டு என் குடோனுக்கு வந்தாள். நாற்காலி அடுக்குகளுக்கு நடுவில் இடம் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு அதில் வேலை இல்லை.

முதல் தடவை நீலத்தைத் தகரச் சுவர் ஓரமாக வைத்திருந்தாள். அது வெயிலில் காய்ந்தது, மற்றவை நிழலில் கிடந்தன. டீச்சர் கேட்டிருக்கிறார், நீலம் அமுங்கியது பாரத்தாலா சூட்டாலா என்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி செங்கல் வைத்து மறுபடி ஆரம்பித்தாள். ‘ரொம்ப அமுங்கியது’ என்று எழுதிக்கொண்டு போனால், ரொம்ப என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று டீச்சர் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு நிறத்திலும் மூன்று துண்டு வைத்து அளந்து, கூட்டி, வகுத்தாள். ஒரு துண்டு போதாதா என்றேன். “ஒண்ணு பொய் சொல்லலாம் மாமா, மூணும் சேந்து சொல்றது கஷ்டம்” என்றாள். வகுத்தல் என்றாலே வயிற்று வலி வருகிற பிள்ளை அது. கப்பு வந்த வருஷத்திலெல்லாம் வராத கணக்கு செங்கல் தூக்கினதும் வந்துவிட்டது.

மூன்றும் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்லின. மஞ்சள் கொஞ்சம் எழும்பியது, வெள்ளை நன்றாக எழும்பியது. நீலம் செங்கல்லின் அச்சோடு அப்படியே கிடந்தது.

மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. நீலம் தோத்துச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கடையில நிக்கிறது என்று தங்கையிடம் குதித்திருக்கிறார். கண்காட்சிக்கு முந்தின நாள் ஷோரூம் பிரிண்டரிலேயே ஒரு சார்ட்டை வண்ணத்தில் அச்சடித்தார். அதில் நீலத்துக்கு முதலிடம். கூடவே ஒரு சுழலும் கட்டில், அதன் மேல் ஒரு பொம்மை, பொம்மையைச் சுற்றி மினுக்கும் விளக்கு. சார்ட்டைப் பார்த்து நானே கேட்டேன்.

“நம்பர மாத்தியிருக்கீங்களே மாப்ள?”

“ஒரே ஒரு நம்பர் மச்சான். அதுல என்ன குடி முழுகிப் போச்சு?”

அவர் மகள் அதே வகுப்பில் உட்காரப் போவது அவருக்குக் குடி முழுகுகிற விஷயமாகத் தெரியவில்லை. மறுநாள் காலை மேஜை ஏற்றும்போது பொடி என் வண்டிக்கு வந்து, செங்கல் வைத்த நீலத் துண்டையும் எடுத்து வரச் சொன்னாள். விரிப்புத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோய் அவள் மேஜைக்கடியில் போட்டேன்.

ஜட்ஜாக வந்தவர் வேறு பள்ளிக்கூடத்து டீச்சர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட அம்மா. அவர் பொடியின் மேஜைக்கு வந்தபோது நான் அடியில் ஜங்ஷன் பாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலைச் சுழற்றும் மோட்டார் மற்ற விளக்கையெல்லாம் மங்க வைத்துவிட்டது. மாப்பிள்ளை வாய் ஓயாமல் பேசினார். முதுகெலும்பும் வந்தது.

“நீங்க யாருங்க?”

“இவளோட அப்பா மேடம்.”

“உங்களுக்கு மார்க் போட நான் வரல. கொஞ்சம் அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

போனார். போய் அங்கிருந்து கையால் சைகை காட்டினார், சார்ட்டைப் பார்த்துச் சொல்லு என்று. அந்த அம்மா பொடியிடம் சார்ட்டைக் கேட்கவில்லை.

“நீ நெனச்ச மாதிரி வராதது எது?”

பொடியின் செருப்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றது. அது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சார்ட் பொய்யாகும், சுழியம். சார்ட்டைச் சொன்னால் இந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்பார், அதற்குப் பதில் இருக்காது. அப்பா வேறு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

“நீலம், மிஸ். நல்லா எந்திரிக்கும்னு நெனச்சேன். எந்திரிக்கல.”

“சார்ட்ல எந்திரிச்சிருக்கே?”

“சார்ட்ல இருக்கிறது நான் அளந்ததில்ல.”

குனிந்தாள். என் தோளுக்குப் பக்கத்தில் கை நீட்டி நீலத் துண்டை எடுத்தாள். செங்கல்லின் நான்கு மூலையும் அதில் பதிந்திருந்தன. அந்த அம்மா ஸ்கேலைக் கொடுத்து, இப்போது அளந்து காட்டு என்றார். அளந்தாள், செங்கல் வைப்பதற்கு முந்தின உயரத்திலிருந்து கழித்துச் சொன்னாள், நோட்டில் இருந்த மற்ற இரண்டு துண்டோடு கூட்டி வகுத்தும் காட்டினாள். ஏன் எழும்பவில்லை என்று கேட்டார். பொடி சொன்ன பதிலை மாப்பிள்ளை ஏழு ஜென்மம் எடுத்தாலும் சொல்லமாட்டார்.

“தெரியல மிஸ். நான் வச்சதெல்லாம் ஓரத்துல வெட்டின துண்டு. நடுத்துண்டு கெடச்சா திரும்ப வச்சுப் பாக்கணும்.”

அந்த அம்மா நின்றபடியே நிறைய எழுதினார். போகும்போது சார்ட்டைத் திருப்பி, சுவர் பக்கமாக வைத்துவிட்டுப் போனார்.

கப்பு ஒரு ராக்கெட்டுக்குப் போனது. அதைக் கொடுத்தது சிறப்பு விருந்தினர், அவருக்குப் புகை வந்தால் போதும். மார்க் தனி. சார்ட்டுக்குச் சுழியம் போட்டிருந்தார்கள், பொடி அளந்ததற்கும் சொன்னதற்கும் போட வேண்டியதைப் போட்டிருந்தார்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் அறிவியலில் தேறிவிட்டாள். மேல் வகுப்புக்குப் போகிறாள். தங்கை இழுப்பறையைத் திறந்து புது அட்டையைக் கப்புகளுக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். மாப்பிள்ளை அதைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினாராம், கப்பு மறைகிறது என்று.

இதோடு மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை. போன வாரம் ஷோரூமுக்கு நாற்காலி இறக்கப் போனேன். நீல மெத்தைக்கு மேலே அந்த வண்ணச் சார்ட் தொங்குகிறது. ஒரு கிழவரைப் படுக்க வைத்து, என் பொண்ணு ஸ்கூல்ல ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சதுங்க, ஜட்ஜே அசந்துட்டாங்க என்கிறார். கிழவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொடியிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேராக ஷோரூமுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறிச் சார்ட்டைக் கழற்றியிருக்கிறாள். வாடிக்கையாளர் ஒருவர் ஏம்மா என்று கேட்டதற்கு, இது தப்புங்க, வெள்ளைதான் எந்திரிச்சுது, ஆனா நடுத்துண்டு இன்னும் பாக்கல என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார்.

“உங்க மருமகள கொஞ்சம் சொல்லி வைங்க மச்சான். கடையில மானம் போகுது.”

“ஒரு நடுத்துண்டு வெட்டிக் குடுங்க மாப்ள. செங்கல் குடோன்லதான் இருக்கு” என்றேன்.

போனை வைத்துவிட்டார். துண்டு இன்னும் வரவில்லை. பொடி தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.