சாரிக்கடியில் கிடந்த இரத்த ரிப்போர்ட்

சாய்ந்தமருதில் வசிக்கும் எனக்கு வயது அறுபத்திரண்டு. சிறுநீர் போவதில் சிரமம் இருந்ததால் டொக்டர், புரோஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்வித்தார். அளவு சற்றுக் கூடியிருந்தது.

"சுரப்பி சும்மா வீங்கினாலயும் இது கூடும். ஃப்ரீ பி.எஸ்.ஏ.யும் செஞ்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பம்," என்றார்.

அந்த இரண்டாவது ரிப்போர்ட்டை எடுத்துவர மனைவியின் தம்பியை அனுப்பினேன். "ஒண்டுமில்ல மச்சான், எல்லாம் நோர்மல். டொக்டரிட்டப் போகவும் தேவல்ல," என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பிக்கப் போய்விட்டேன்.

கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தின் பின், மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி மனைவியின் அலுமாரியைத் திறந்தேன். சாரிக்கடியில் அந்த ரிப்போர்ட் கிடந்தது.

டொக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஃப்ரீ பங்கு நல்லாக் குறைவு. அப்பிடிக் குறைஞ்சா புற்றுநோயா இருக்கலாம். இத ஏன் இவ்வளவு நாளாக் கொண்டுவரல்ல?"

பயொப்சியில் புற்றுநோய் என்று வந்தது. சிகிச்சை தொடங்கியிருக்கிறது.

"ரிப்போர்ட் சரியில்ல எண்டு லெப்புலயே தம்பிக்கிட்டச் சொல்லிட்டாங்க. மாப்புள்ள ஊட்டாருக்குத் தெரிஞ்சா கலியாணம் நிண்டிரும் எண்டு பயந்துதான்..." என்று மனைவி அழுதாள்.

இப்போது என் ரிப்போர்ட்டை நானே போய் எடுத்து, அதே கையோடு டொக்டரிடம் காட்டுகிறேன். கலியாண அல்பத்தை மட்டும் திறப்பதில்லை. ஒவ்வொரு படத்திலும் நான் வாய் நிறையச் சிரிக்கிறேன். என் இரு பக்கமும் நிற்கிற மனைவிக்கும் அவள் தம்பிக்கும் அப்போதே எல்லாம் தெரியும்.