நாற்பத்தைந்து கிலோ நோயாளி

"எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் என் காதுபட அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட ஆரம்பித்த பிறகு பல கோபங்கள் தணிந்துவிட்டன. இது மட்டும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரே கல்லூரி, ஒரே வருஷம். படிப்பு மட்டும் வேறு வேறு. ஒருத்தி சென்னிமலைக்காரி, பி.காம். இன்னொருத்தி ஆனைமலைக்காரி, ஊட்டச்சத்துப் படிப்பு. ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு எதை, எவ்வளவு சாப்பிடக் கொடுப்பது என்று முடிவு செய்கிற வேலைக்கான படிப்பு அது. நான் பிசிக்ஸ். மூன்று பேரும் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவர்கள். கல்லூரிக்குள் கால் வைத்தால் எல்லாமே ஆங்கிலம்.

முதல் வருஷம் முழுக்க எங்களை "தமிழ் மீடியமா?" என்று கேட்டார்கள். உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்பார்களே, அந்தக் குரலில். கணக்கு எங்களுக்குத் தெரியும். கணக்கைக் கேட்கிற பாஷைதான் தெரியாது. அந்த வித்தியாசம் கூடத் தெரியாதவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

இதற்கு வகுப்பில் எல்லாரும் கண்டுபிடித்த வழி கைடு. டவுன்ஹால் பக்கத்தில் எந்தப் பாடத்துக்கும் கைடு கிடைக்கும். அதை வாங்கி, கணக்கை மனப்பாடம் செய்வார்கள். ஆமாம், கணக்கைத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் ஒரு நியாயம் இருக்கிறது. இவர்கள் "கொடுக்கப்பட்டவை" என்ற முதல் வரியிலிருந்து கடைசி விடைக்குக் கீழே போடும் இரட்டைக் கோடு வரைக்கும், எண்களோடு சேர்த்து, செய்யுள் மாதிரி ஒப்பிப்பார்கள். காலையில் கல்லூரி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தேய்மானக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருப்பாள். கேட்கவே வயிறு எரியும்.

எங்கள் மாடியில் அது எடுபடவில்லை. காரணம், ஆனைமலைக்காரிக்கு ஆங்கிலம் மனப்பாடமே ஆகாது. நாலு வரி படித்தால் மூன்றாவது வரி காணாமல் போய்விடும். அவள் உட்கார்ந்து அழுதபோது சென்னிமலைக்காரிதான் ஒரு வழி சொன்னாள். பேரேட்டில் அவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது, யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று பார்க்கிறதாம். அதையே எல்லாவற்றுக்கும் செய்யலாம் என்றாள். கேள்வியை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். நடந்ததைத் தமிழில், பக்கத்து வீட்டில் நடந்த சங்கதி மாதிரி சொல்ல வேண்டும். ஆர் இருக்காங்க, அவங்ககிட்ட என்ன இருக்குது, என்ன வேணும். சொல்லி முடித்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

அப்படித்தான் மூன்று பாடத்தையும் மூன்று பேரும் போட்டோம். சென்னிமலைக்காரியின் கூட்டு வியாபாரக் கணக்கில் யார் எப்போது பிரிந்து போனார் என்று நான் கதை சொல்வேன். என்னுடைய கப்பியில் எந்தப் பக்கம் எடை கூட என்று அவர்கள் சொல்வார்கள். ஆனைமலைக்காரியின் நோயாளிகள் எங்களுக்கு உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் மதியம் ஒரு கப் சோறு கூடக் கேட்டபோது, அவருக்குக் கொடுக்கலாமா என்று நாங்கள் சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். எங்கள் அம்மா கீழேயிருந்து, "ஆருக்கு கண்ணு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

எங்கள் பிசிக்ஸ் லேபிலும் ஒரு கூத்து உண்டு. ஊசல் ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். விடை 980 என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் முதலில் 980 எழுதி, அதிலிருந்து பின்னால் போய், ஊசல் எத்தனை விநாடி ஆடியிருக்க வேண்டும் என்று எழுதுவார்கள். ஊசலைத் தொடவே வேண்டாம். நான் ஆட்டிப் பார்த்து 930 என்று காட்டினேன். லேபில் இருந்த ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, ரீடிங்கை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். மறுபடி ஆட்டட்டுமா என்று கேட்டேன். ஆட்ட வேண்டாம், மாற்றினால் போதும் என்றார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இவர்கள் எதையும் மாற்றுவார்கள், விடையை மட்டும் மாற்ற மாட்டார்கள் என்று.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஆனைமலைக்காரிக்கு ஒரு உள்தேர்வு. அதில் பாஸானவர்களைத்தான் விடுமுறையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். போகாதவர்கள் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு போக வேண்டும். அதாவது ஒரு வருஷம் போச்சு. அவளுக்கு அந்த ஒரு வருஷம் கிடையாது. அவள் அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர். மூன்று வருஷம், அதற்கு மேல் ஒரு நாள் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அத்தை வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். ஒரு தேர்வு போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தேர்வில் ஒரு பெரிய கேள்வி, சிறுநீரகக் கோளாறு உள்ள ஒரு நோயாளி பற்றியது. உடல் எடையில் கிலோவுக்கு 0.6 கிராம் புரதம் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருக்கிறார்; கூடினால் சிறுநீரகம் தாங்காது. அந்த நாளுக்கான மொத்தப் புரதத்தைக் கணக்கிட்டு, அதை மூன்று வேளைக்கும் பிரித்து உணவுப் பட்டியல் போட வேண்டும். கைடில் இதே கணக்கு இருந்தது. அதில் நோயாளியின் எடை அறுபது கிலோ, விடை முப்பத்தாறு கிராம். ஆனால் அந்த முறை, கைடில் இருப்பதை அப்படியே கேட்கக் கூடாது என்று துறைத் தலைவி உத்தரவு போட்டிருந்தார். அதனால் பாடம் நடத்துகிற மேடம் எடையை மட்டும் நாற்பத்தைந்து என்று மாற்றிவிட்டார். விடைத்தாள் திருத்துவதற்கான குறிப்பை மாற்றவில்லை. அது கைடிலிருந்து அப்படியே எடுத்தது.

வகுப்பே முப்பத்தாறு என்று எழுதியது. கேள்வித்தாளில் நாற்பத்தைந்து என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இவர்கள் "கொடுக்கப்பட்டவை: நோயாளியின் எடை 60 கிலோ" என்று ஆரம்பித்து, இரட்டைக் கோடு வரைக்கும் ஒப்பித்திருக்கிறார்கள். மேடமும் குறிப்பை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முழு மார்க் போட்டிருக்கிறார். ஆனைமலைக்காரி ஒருத்திதான் கேள்வியைப் படித்திருக்கிறாள். இருபத்தேழு என்று எழுதி, கச்சிதமாகச் சோறு, பருப்பு, பால் என்று பிரித்துப் போட்டிருந்தாள். முதல் எண்ணே தப்பு என்று அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு. சைபர். அதோடு தேர்வும் போச்சு.

விடைத்தாளை எங்கள் சமையலறையில் வைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தோம். எத்தனை முறை போட்டாலும் இருபத்தேழுதான் வந்தது. எனக்கு வந்ததே கோபம்! அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு அந்தத் துறையின் ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

மேடம் தலையை நிமிர்த்தவே இல்லை. விடைத்தாள் கட்டை எடுத்து மேஜையில் தட்டினார். இத்தனை பேரும் முப்பத்தாறு எழுதியிருக்கிறார்கள், இவள் மட்டும் இருபத்தேழு, அப்படியானால் இத்தனை பேரும் முட்டாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேள்வியை ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். பிசிக்ஸ் என்றதும், பிசிக்ஸ்காரிக்கு இங்கே என்ன வேலை, வெளியே போ என்றார். போகிற போக்கில் வழக்கமான அந்தக் கேள்வியையும் கேட்டார், தமிழ் மீடியமா என்று.

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்டிருப்பேன். அதற்குள் ஆனைமலைக்காரி வாயைத் திறந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், மரியாதை இன்னும் கூடும்.

"ஏனுங்க மேடம், நாப்பத்தஞ்சு கிலோ ஆளுக்கு அறுபது கிலோ ஆளோட சாப்பாட்டப் போட்டா, அந்தாளு என்னாவாருங்க?"

மேடம் கேள்வித்தாளை எடுத்தார். படித்தார். அவர் காதுமடல் சிவந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். விடைத்தாளை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நன்றி கூடச் சொல்லிவிட்டு வந்தோம், கேணச்சிகள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கேள்வித்தாளில் பிழை நேர்ந்துவிட்டதாம். நோயாளியின் எடை நாற்பத்தைந்து கிலோ என்று இருப்பதை அறுபது கிலோ என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். கீழே துறைத் தலைவியின் கையெழுத்து.

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விடை தப்பு என்று நிரூபித்தால் விடையைத் திருத்துவார்கள் என்றுதான் எந்தப் பைத்தியக்காரியும் நினைப்பாள். இவர்கள் நோயாளியைத் திருத்திவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அந்த மனுஷன் பதினைந்து கிலோ பெருத்துவிட்டான். இப்போது வகுப்பே சரி, மேடமும் சரி, குறிப்பும் சரி. தேர்வு அறையில் கண்ணால் பார்த்ததை எழுதியவள் மட்டும் தப்பு.

சென்னிமலைக்காரிதான் பேசினாள். "எங்க கணக்குல ரெண்டு பக்கமும் சரியா வரலீன்னா, இடிக்கறதத் தூக்கி சஸ்பென்ஸ்னு ஒரு கணக்குல போட்டுருவோம் புள்ள. உங்காளோட பதினஞ்சு கிலோவையும் அதுலதான் போட்டிருக்காங்க."

நாங்கள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அந்தப் பலகையின் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல இருந்தது.

பிரின்சிபாலைப் பார்க்கலாம் என்று நான் கிளம்பினேன். அதற்குள் மேடம் ஆனைமலைக்காரியை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். வேறு துறைப் பெண்ணை அழைத்து வந்து ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும், தந்தால் அந்தக் கேள்விக்கு மார்க்கை மறுபரிசீலனை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். பயிற்சிக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறது.

எழுதாதே என்றேன். எழுதினால் என் முகத்தில் முழிக்காதே என்று கூடச் சொன்னேன். எதிர்த்துப் பேசியது நான், சரியாக எழுதியது அவள், தப்பு செய்தது மேடம். இதில் மன்னிப்பு மட்டும் எப்படி அவள் தலையில் வந்து விழுகிறது என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கோவம் வேணும் புள்ள," என்றாள். "எனக்கு ஆசுபத்திரி வேணும்."

அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் ஏறியது. அன்று நான் சாப்பிடாமல் படுத்தேன். அம்மா வந்து திட்டினார்.

கடிதத்தை அவள் தமிழில் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று சென்னிமலைக்காரி சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது என் கையில் கொடுத்தாள். இரண்டே வரி. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. நானும் ஒன்றை மனப்பாடம் செய்திருக்கிறேன் என்றால் அது இதுதான்:

"மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, கேள்வித்தாளில் நாற்பத்தைந்து கிலோ என்று இருந்ததை நாற்பத்தைந்து கிலோ என்றே எடுத்துக்கொண்டது என் தவறு. இனிமேல் வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு என்று நினைக்கிறார்களோ அவ்வளவே நோயாளியின் எடை என்று எடுத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும்."

மேடம் என்ன சொன்னார் என்று சாயங்காலம் கேட்டேன். "ரெண்டு தடவ படிச்சாங்க" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து மார்க்கைப் போட்டாராம். முழு மார்க் கூட இல்லை, பாஸாகிற அளவுக்கு. அவள் நன்றிங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

விடுமுறையில் பயிற்சிக்குப் போகிற அன்று கல்லூரி வாசலில் பஸ் நின்றது. நானும் சென்னிமலைக்காரியும் வழியனுப்பப் போயிருந்தோம். ஆனைமலைக்காரி புது வெள்ளைக் கோட்டு போட்டு, அதில் கசங்கல் விழாமல் ஜன்னலோரம் நேராக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்று கையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் வகுப்பே ஏறியது. நாற்பத்தைந்து கிலோ மனுஷனுக்கு அறுபது கிலோ மனுஷனின் சாப்பாட்டைப் போட்ட அத்தனை பேரும், அதே வெள்ளைக் கோட்டில், அதே ஆஸ்பத்திரிக்கு, சிரித்துப் பேசிக்கொண்டு ஏறினார்கள். மேடம் படியருகே நின்று எண்ணி ஏற்றினார். அந்தப் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏறியவள் அவள் ஒருத்திதான்.